செக்கு எண்ணெய்க்கு மாறினா மட்டும் போதுமா?

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துல 12 கிலோ எள்ளு எடுத்துக்கிட்டு செக்குக்குப் போனேன். கழுவி, மொட்டை மாடில ரெண்டு நாள் நல்லா காயவச்ச எள்ளு. செக்குக்காரத் தம்பி எடை போடுறதுக்கு முன்னாடியே கேட்டது, "அக்கா, கருப்பட்டி கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னுதான். எள்ளை உரல்ல கொட்டி உலக்கை சுத்த ஆரம்பிச்சா ரொம்ப நேரத்துக்கு எண்ணெயே கண்ணுல தெரியாது, எள்ளு நசுங்கி ஈரமான கருப்பு மாவு மாதிரி ஆகும், அவ்வளவுதான். அப்புறம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு ரெண்டு கை தண்ணி தெளிச்சார் பாருங்க, அந்த மாவு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு உரல் ஓரமா சுவரு மாதிரி ஒட்டிக்கிச்சு, நடுவுல எண்ணெய் ஊறி வந்து தேங்குச்சு. அந்த வாசனை தெரு முனை வரைக்கும் போகும். கருப்பட்டி ருசிக்காகப் போடுறதுன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், அது பிண்ணாக்கைக் கட்டி எண்ணெயைப் பிரிச்சு விடுறதுக்காகப் போடுறது. முடிவுல தூக்குல கிட்டத்தட்ட 5 லிட்டர் எண்ணெய், சாக்குல ஏழு கிலோவுக்கு மேல பிண்ணாக்கு.

இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, கட்டுரை முழுக்க இது வரும். 12 கிலோ எள்ளுக்கு 5 லிட்டர்.

இப்போ எந்தத் தெருவுல பார்த்தாலும் மரச்செக்கு எண்ணெய்னு போர்டு இருக்கு. ரீஃபைண்ட் ஆயில் கெடுதல், செக்கு எண்ணெய் நல்லது, நெய் நல்லது, பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் மாறிட்டேன், மாறினது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா எண்ணெயை மட்டும் மாத்திட்டு அதே அளவு ஊத்தி, அதே தீட்டின வெள்ளைச் சோத்தைத் தட்டு நிறைய போட்டுச் சாப்பிட்டா வீட்டுல யாருக்கும் எதுவும் மாறாது. எங்க வீட்டுலயே மாறல. எங்க மாமாவுக்கு மூணு மாசம் கழிச்சு எடுத்த ரத்த டெஸ்ட்ல சுகரும் குறையல, கொலஸ்ட்ராலும் குறையல. அதுக்கு அப்புறம்தான் ஏன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல எண்ணெய்ங்கிற வார்த்தையையே பாருங்க. எள் நெய், அதுதான் எண்ணெய். அதாவது ஒரு காலத்துல நமக்கு எண்ணெய்னாலே எள்ளுல வந்ததுதான், மத்ததெல்லாம் பின்னாடி வந்து அதோட பேரைக் கடன் வாங்கிக்கிச்சு, கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும். வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடுன்னு பழமொழி சொல்றதும் இதைத்தான், வாணியர்னா செக்கு ஆட்டுறவங்க. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு இன்னொரு பழமொழி இருக்கு, அதை மட்டும் நம்ம ஆளுங்க பாதியை மறந்துட்டாங்க. உடம்பு கொழுத்து இருக்கிறவங்களுக்கு எள்ளைச் சொல்லல, கொள்ளைத்தான் சொல்லியிருக்காங்க.

செக்குல ஆட்டுறது லேசான வேலை இல்ல. வ.உ.சிதம்பரனாரைக் கோயமுத்தூர் ஜெயில்ல வெள்ளைக்காரன் செக்கு இழுக்க வச்சான்னு நாம படிச்சிருக்கோம்ல, மாடு இழுக்கிறதை மனுஷனை இழுக்க வச்ச தண்டனை அது. அப்படி மாடு நாள் பூரா சுத்தி, வெயில்ல விளைஞ்ச எள்ளு அவ்வளவையும் போட்டு எடுக்கிற எண்ணெயை யாரும் சட்டி நிறைய ஊத்திப் பூரி பொரிக்க மாட்டாங்க. பண்டிகைன்னா பலகாரம், சனிக்கிழமைன்னா தலைக்கு எண்ணெய், மத்த நாள்ல தாளிக்க ஒரு கரண்டி, இட்லிப் பொடிக்கு ஒரு குழி. எங்க அத்தை இன்னும் எண்ணெய்க்குன்னு தனியா ஒரு சின்னக் குழிக்கரண்டி வச்சிருக்காங்க, அதுல அளந்துதான் ஊத்துவாங்க, பாட்டிலை நேரா சட்டிக்கு மேல சாய்க்க விடமாட்டாங்க. அந்தக் காலத்து எண்ணெய் நல்லதா இருந்ததுக்குப் பாதி காரணம் எண்ணெய், மீதிக் காரணம் அந்தக் கரண்டி.

அந்தக் கரண்டி எப்போ போச்சுன்னு பார்த்தா அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1937ல டால்டாங்கிற வனஸ்பதி வந்துச்சு. வனஸ்பதின்னா என்ன, தாவர எண்ணெய்க்குள்ள ஹைட்ரஜன் வாயுவை ஏத்தி நெய் மாதிரி உறைய வைக்கிறது. நெய் வாங்க முடியாத வீட்டுக்கு நெய் மாதிரி ஒண்ணு கிடைச்சுது, விலை கம்மி, கெட்டும் போகாது, மஞ்சள் டப்பால பனைமரப் படம் போட்டு வந்துச்சு, காலியான டப்பால துளசி வளர்க்காத வீடு கிடையாது. நெய்யில வனஸ்பதியைக் கலந்து விக்க ஆரம்பிச்சாங்க, பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் பண்ணின வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. வனஸ்பதி தயாரிக்கிறவங்க கட்டாயம் அதுல 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கணும்னு சட்டம் போட்டாங்க. நல்லெண்ணெய்ல இருக்கிற ஒரு பொருள் ஆசிட்டோட சேர்ந்தா சிவப்பு நிறம் கொடுக்கும், அதனால நெய்யை டெஸ்ட் பண்ணும்போது சிவந்துச்சுன்னா உள்ள வனஸ்பதி இருக்குன்னு அர்த்தம். கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கிற சாட்சியா நம்ம எள்ளை வச்சிருந்தாங்க.

ஆனா பெரிய பிரச்சனை கலப்படம் இல்ல, டிரான்ஸ் ஃபேட். எண்ணெயைப் பாதி உறைய வைக்கும்போது அதோட கொழுப்பு மூலக்கூறு வடிவம் மாறிடுது, அந்த மாறின கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தி நல்ல கொலஸ்ட்ராலை இறக்குது, மாரடைப்புக்கு நேரா வழி. இதுல இப்போ எந்த டாக்டருக்கும் ரெண்டாவது கருத்து கிடையாது. டென்மார்க் 2003லயே இதுக்கு 2 சதவீதம்னு வரம்பு வச்சிட்டாங்க, இந்தியாவுல அந்த 2 சதவீத வரம்பு வந்தது 2022 ஜனவரிலதான். நடுவுல எத்தனை வருஷம், எத்தனை பேக்கரி பப்ஸ், எத்தனை கல்யாண வீட்டு லட்டு. நினைச்சா எனக்கு மனசு கனத்துப்போகும், ஏன்னா அதைச் சாப்பிட்டவங்கள்ல யாரும் ஆசைப்பட்டு அதைத் தேடிப்போகல, மலிவா கிடைச்சுது, நல்லதுன்னு சொன்னாங்க, வாங்கினாங்க.

அதுக்கு அப்புறம் கொலஸ்ட்ரால் பயம் வந்துச்சு. தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் இதயத்துக்கு எதிரி, வெளிர் மஞ்சளா தண்ணி மாதிரி இருக்கிற சூரியகாந்தி எண்ணெய்தான் லைட்டுன்னு டிவில விளம்பரம் வர ஆரம்பிச்சுது. லைட்டுன்னு கேட்டதும் வீட்டுல என்ன ஆச்சு, ரெண்டு கரண்டி கூடவே விழுந்துச்சு. எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரிதான், இதுல லைட்டும் கிடையாது ஹெவியும் கிடையாது.

ரீஃபைண்ட்னா என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது, அதைப் பத்திப் பயமுறுத்துற வாட்ஸ்அப் மெசேஜ்தான் நிறைய சுத்துது. விதையை மெஷின்ல அழுத்தி எடுத்தது போக மிச்சம் இருக்கிற எண்ணெயை ஹெக்ஸேன்ங்கிற கரைப்பான் ஊத்திப் பிரிச்சு எடுக்கிறாங்க, கரைப்பானைச் சூடு பண்ணி ஆவியாக்கி வெளியேத்துறாங்க, அப்புறம் பிசினை எடுக்கிறாங்க, காரம் சேர்த்துப் புளிப்பை எடுக்கிறாங்க, ஒரு மாதிரி களிமண் வச்சு நிறத்தை எடுக்கிறாங்க, கடைசியா 200 டிகிரிக்கு மேல நீராவி விட்டு வாசனையை எடுக்கிறாங்க. விஷம் எதுவும் சேர்க்கல. ஆனா எள்ளுல இருந்த செசமின், செசமோலின் மாதிரி பொருள், கொஞ்சம் வைட்டமின் ஈ, விதையோட மணம் இதெல்லாம் இந்த வழியில குறைஞ்சுதான் போகும். மணம் போனது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. செக்கு நல்லெண்ணெய்ல ஒரு ஸ்பூன் அதிகமா விட்டா குழம்பே எண்ணெய் வாடை அடிக்கும், நாக்கு நிறுத்தச் சொல்லும். மணமே இல்லாத எண்ணெய்ல நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1960ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட ஒரு லட்சம் வான்கோழி மொத்தமா செத்துப்போச்சு. தேடிப்பார்த்தா தீவனத்துல போட்ட கடலைப் பிண்ணாக்குல பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, அந்தப் பூஞ்சை விடுற நச்சுக்குத்தான் அஃப்ளடாக்சின்னு பேரு வச்சாங்க, ஈரலைக் கெடுக்கிற நச்சு. ரீஃபைன் பண்ணும்போது காரம் சேர்க்கிறதுல அது பெரும்பாலும் போயிடும், செக்கு எண்ணெய்ல அந்த வடிகட்டல் கிடையாது. அதனால சொத்தைக் கடலை, பூஞ்சை பிடிச்ச கடலை, சரியா காயாத கடலையை ஆட்டுற செக்குல மரச்செக்குன்னு எவ்வளவு பெரிய போர்டு இருந்தாலும் வாங்காதீங்க. செக்கு நல்லதா இருக்கிறது விதை நல்லதா இருந்தாத்தான். முடிஞ்சா கடலையை நீங்களே வாங்கி, கைல அள்ளிப் பார்த்து, சுருங்கினதையும் கருத்ததையும் பொறுக்கி எடுத்துட்டு ஆட்டக் கொடுங்க.

விலையும் ஒரு சாட்சிதான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் செக்குல எடுக்க ஏறக்குறைய ரெண்டேகால்ல இருந்து ரெண்டரை கிலோ பருப்பு வேணும். அன்னைக்குப் பருப்பு என்ன விலையோ அதை ரெண்டரையால பெருக்குங்க, பிண்ணாக்கு வித்த காசைக் கழிங்க, ஆட்டுறதுக்கான கூலியைச் சேருங்க. அதைவிட ரொம்பக் கம்மி விலைக்கு ஒருத்தர் மரச்செக்கு எண்ணெய்னு கொடுத்தா உள்ள வேற ஏதோ எண்ணெய் இருக்கு.

சரி, நெய்யும் தேங்காய் எண்ணெயும் எதிரியா இல்லையா? இதுல ரெண்டு பக்கமும் கத்துறாங்க, நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் சொல்றேன். அமெரிக்காவுல மின்னசோட்டாவுல 1968ல இருந்து 1973 வரைக்கும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை வச்சு ஒரு பெரிய சோதனை நடந்துச்சு, நெய், வெண்ணெய்ல அதிகமா இருக்கிற நிறைவுற்ற கொழுப்பை எடுத்துட்டு சோள எண்ணெய் கொடுத்தாங்க, கொலஸ்ட்ரால் நல்லாவே இறங்குச்சு, ஆனா சாவு குறையல. அதோட முழு விவரத்தைத் தோண்டி எடுத்து வெளியிட்டது 2016லதான். இதை வச்சு நெய் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு. மத்த நிறைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2023லயும் நிறைவுற்ற கொழுப்பு மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள இருக்கட்டும்னுதான் சொல்லுது. தேங்காய் எண்ணெய்ல சுமார் 90 சதவீதம், நெய்யில 60 சதவீதத்துக்கு மேல, பாமாயில்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மி, கடலை எண்ணெய்ல 17, 18 சதவீதம், நல்லெண்ணெய்ல 15 சதவீதம்னு நிறைவுற்ற கொழுப்பு இருக்கு. இதைப் பார்த்தா தினசரிச் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும், மேல ஒரு ஸ்பூன் நெய்யும்னு நம்ம பக்கத்துல பழகி வச்சிருந்தது எவ்வளவு பொருத்தம்னு தெரியும்.

தேங்காய்க்கு ஒரு உதாரணம் சொல்றேன். பசிபிக் கடல்ல டோக்கலாவுன்னு ஒரு சின்னத் தீவுக் கூட்டம். அங்க மக்கள் சாப்பிடுற கலோரில பாதிக்கு மேல தேங்காய்லதான் வந்துச்சு, ஆனா மாரடைப்பு அபூர்வம்னு 1981ல வந்த ஆய்வு சொல்லுது. அவங்க தேங்காயைத் தேங்காயாவே சாப்பிட்டாங்க, கூட மீன், பலா வகையைச் சேர்ந்த ஈரப்பலாக்காய், கிழங்கு, சர்க்கரை ரொம்பக் கம்மி, நாள் பூரா கடல்ல உழைப்பு. அதே மக்கள் நியூசிலாந்துக்குக் குடிபோய் ரொட்டி, சர்க்கரைன்னு மாறினதும் உடம்பும் மாறிடுச்சு. தேங்காய் அவங்களைக் காப்பாத்துச்சுன்னு சொல்ல முடியாது, அந்த மொத்தச் சாப்பாடும் வாழ்க்கையும் சேர்ந்துதான் காப்பாத்துச்சு.

நம்ம ஊருக்கு இதைவிடப் பக்கத்துல ஒரு உதாரணம் இருக்கு, குன்னூர்ல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

1918ல குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரே ஒரு ரூம்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய்ச்சி ஆரம்பிச்சார். அந்த ஒரு ரூம்தான் வளர்ந்து 1958ல ஹைதராபாத்துக்குப் போய் இப்போ தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. பெரிபெரி வந்தா காலு மரத்துப்போகும், வீங்கும், இதயம் பலவீனமாகும், வைட்டமின் பி1 இல்லாததால வர்றது. அப்போ மதராஸ் மாகாணத்துல இந்த நோய் எங்க அதிகம்னு பார்த்தா வடக்கே தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்கள்ல, அங்க மில்லுல தீட்டின பச்சரிசி சாப்பிட்டாங்க. தெற்கே தமிழ் ஜில்லாக்கள்ல அரிசிதான் சாப்பிட்டாங்க, ஆனா நோய் அந்த அளவுக்கு இல்ல, ஏன்னா இங்க புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவச்சு அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் கிட்ட இருக்கிற பி1 தண்ணியோட சேர்ந்து அரிசிக்குள்ள இறங்கிடுது, அப்புறம் தீட்டினாலும் முழுசா போகாது. வாசல்ல அண்டா வச்சு நெல் அவிச்ச நம்ம பாட்டிமாருக்கு பி1னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, ஆனா அவங்க கை எத்தனை பிள்ளைங்க காலைக் காப்பாத்தியிருக்கு பாருங்க.

இது பெருமைப்பட வேண்டிய பாதி. மீதிப் பாதியையும் மறைக்கக் கூடாது. அதே மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு, இந்தியாவுல ஒவ்வொரு பகுதிக்காரங்க சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு, அதாவது முழு கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்பவாவது கறி, இதைத் தின்ன எலிங்க சராசரியா 235 கிராம் வளர்ந்துச்சு. கடைசி இடம் மதராஸ் சாப்பாட்டுக்கு, 155 கிராம். அந்த மதராஸ் சாப்பாட்டுல என்ன இருந்துச்சுன்னு பாருங்க, கழுவித் தீட்டின அரிசி, கொஞ்சம் பருப்பு, காய், மிளகாய் மசாலா, எண்ணெய், சர்க்கரை போட்ட காபி, பேருக்குப் பால், பேருக்கு மோர். எண்ணெய் இருக்கு பாருங்க, அப்போ ரீஃபைண்ட் ஆயில் வீடு வீடா கிடையாது, இருந்தும் அந்த எலி தேறல. எலி எடையை வச்சு மனுஷனை எடை போட முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா அந்தச் சாப்பாட்டுல தானியம் முழுசா இல்ல, பால், மோர், கீரை, பருப்பு எல்லாம் பத்தல, அதை எண்ணெய் ஈடுகட்ட முடியாதுங்கிறது மட்டும் நல்லா தெரியுது. இங்கிலாந்து ஏழைங்க சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார், வெள்ளை ரொட்டி, மார்ஜரின்ங்கிற செயற்கை வெண்ணெய், ஜாம், சர்க்கரை டீ, டின்ல அடைச்ச கறி. அந்த எலிங்க ஒண்ணை ஒண்ணு கொன்னு தின்ன ஆரம்பிச்சிடுச்சு.

அதனால பாட்டி காலம் பாட்டி காலம்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்குறது, எந்தப் பாட்டி, எந்த வீட்டுப் பாட்டிங்கிறதுதான். கம்பும் கேப்பையும் சோளமும் மாத்தி மாத்திச் சாப்பிட்டு, மாடு வச்சு மோர் கடைஞ்ச பாட்டியும் இருந்தாங்க, நீச்சத்தண்ணியும் ஊறுகாயும் மட்டும் கிடைச்ச பாட்டியும் இருந்தாங்க. முதல் பாட்டி தட்டுல இருந்ததைத்தான் நாம தேடணும்.

இன்னைக்கு நம்ம தட்டுல என்ன இருக்கு? சென்னையில நடந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, ஜனங்க சாப்பிடுற கலோரில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்துல இருந்து வருது, அதுலயும் பெரும்பகுதி வெள்ளை அரிசி, அதை அதிகமா சாப்பிடுறவங்களுக்கு சுகர் வர வாய்ப்பும் அதிகம்னு 2009ல வெளியிட்டாங்க. 2023ல வந்த நாடு முழுக்க எடுத்த கணக்குல இந்தியாவுல சுகர் உள்ளவங்க 10.1 கோடி. 2011ல இருந்து தமிழ்நாட்டு ரேஷன்ல அரிசி இலவசம், பசி தீர்ந்தது உண்மை, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2007ல இருந்து சிறப்புத் திட்டத்துல பருப்பும் பாமாயிலும் மலிவா கிடைக்குது, பாமாயில் லிட்டர் 25 ரூபாய், கஷ்டப்படுற வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனா அந்த எண்ணெய் இந்தோனேசியாவுலயும் மலேசியாவுலயும் இருந்து கப்பல்ல வருது, இங்க பொள்ளாச்சியில தேங்காய் விலை விழுந்தா விவசாயி கண்ணீர் விடுறார், ரேஷன்ல பாமாயிலுக்குப் பதிலா தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் கொடுங்கன்னு அவங்க கேக்குறது நியாயம்னுதான் எனக்குத் தோணுது. 2022 ஏப்ரல் கடைசில இந்தோனேசியா பாமாயில் ஏத்துமதியை நிறுத்தினப்போ, அதே நேரம் உக்ரைன் சண்டையில சூரியகாந்தி எண்ணெயும் வராம நம்ம வீட்டு எண்ணெய் விலை எப்படி எகிறுச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்போ எங்க வீட்டுல என்ன மாத்தினோம்னு சொல்றேன், இது மருத்துவம் இல்ல, சமையல்தான்.

முதல் விஷயம் அளவு. டாக்டர்கள் பொதுவா ஆளுக்கு மாசம் அரை லிட்டர்னு சொல்றாங்க, ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன் வரும். நாங்க அஞ்சு பேர், மாசம் ரெண்டரை லிட்டர். அதாவது நான் ஆட்டிக்கொண்டு வந்த அந்த 12 கிலோ எள்ளு எண்ணெய் ரெண்டு மாசம் வரணும். முன்னாடி எங்களுக்கு மாசம் 5 லிட்டர் ஆகும், எப்படி ஆச்சுன்னே தெரியாது. இப்போ மாசம் ஒண்ணாந்தேதி ரெண்டரை லிட்டரை ஒரு தூக்குல ஊத்தி வைக்கிறோம், அது குறையுறது கண்ணுக்குத் தெரியும், அத்தையோட குழிக்கரண்டி மறுபடி வேலைக்கு வந்திருக்கு. பஜ்ஜி வடை மாசம் ரெண்டு தடவை, பொரிச்ச எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுறது கிடையாது. கடைல கருப்பா கொதிக்கிற சட்டியைப் பார்த்தா தள்ளி வந்திடுங்க, ஒரு எண்ணெய்ல கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினா அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018ல இருந்து விதியே இருக்கு.

ரெண்டாவது, கொழுப்பை விதையாவே சாப்பிடுறது. இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. செக்கு எண்ணெய் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அது எள்ளுல இருந்து பிரிச்ச ஒரு பகுதி. எள்ளுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, புரதம், நார் எல்லாம் பிண்ணாக்குல நின்னுபோச்சு, அந்த ஏழு கிலோ சாக்குலதான் இருக்கு. அதனால அந்த 12 கிலோ போக இன்னும் நாலு கிலோ எள்ளை ஆட்டாம வச்சுக்கிட்டேன். வறுத்து உளுந்தோட அரைச்சு எள்ளுப்பொடி, கருப்பட்டி சேர்த்து எள்ளுருண்டை, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்ததும் அவிச்ச கடலை, தேங்காயைத் துவையலா, தேங்காய்ச் சில்லா. வெளி பிஸ்கட் நின்னுபோச்சு. பொண்ணுக்கு உளுந்தங்களி கிண்டும்போது நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்துவோம்ல, அங்க எண்ணெய் சத்துள்ள ஒண்ணோட சேர்ந்து போகுது, அதுதான் எண்ணெய்க்கு ஏத்த இடம். கீரையும் அப்படித்தான், கீரையில இருக்கிற, உடம்புக்குள்ள வைட்டமின் ஏவா மாறுற சத்து கொழுப்போட சேர்ந்தாத்தான் உடம்புல நல்லா ஒட்டும், அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயைக் கீரைக்கு மிச்சம் வைங்க.

மூணாவது சோறு. கைக்குத்தல் அரிசி வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கல, வற்புறுத்தவும் இல்ல. புழுங்கல் அரிசிச் சோத்தைக் குறைச்சு, பொரியலும் கூட்டும் ரெண்டு பங்கு, ராத்திரி கேப்பை தோசை இல்ல கம்பு தோசை. மாமா மட்டும் முதல் ரெண்டு வாரம் முகத்தைத் தூக்கி வச்சிருந்தாங்க.

நெய்யை நாங்க விடல. வாரா வாரம் பால் ஏடு சேர்த்து, உறை ஊத்தி, கடைஞ்சு வெண்ணெய் எடுத்து அத்தைதான் காய்ச்சுவாங்க. நெய்யை உருக்கணும், மோரைப் பெருக்கணும், தண்ணியைச் சுருக்கணும்னு பழைய வாக்கு ஒண்ணு உண்டு, மோரைப் பெருக்குறதுன்னா நிறைய தண்ணி விட்டு நீர்மோரா குடிக்கிறது. வெண்ணெய் உருகினதும் முதல்ல நுரைச்சுக்கிட்டு சடசடன்னு சத்தம் வரும், அது உள்ள இருக்கிற தண்ணி போற சத்தம். அந்தச் சத்தம் அடங்கி, அடியில கசண்டு பழுப்பாகி, நெய் கண்ணாடி மாதிரி தெளியுற நேரத்துல ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு உடனே இறக்கணும், அரை நிமிஷம் தவறினா காந்திப்போகும். வடிகட்டினதும் அந்தச் சட்டியில சுடுசோறு போட்டுப் பிசைஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை, அதுக்கு பிள்ளைங்க வரிசைல நிப்பாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், பருப்புச் சோத்துக்கு மட்டும். மாமாவுக்கு அரை, ஏன்னா அவங்களுக்கு கொலஸ்ட்ரால் இருக்கு.

நல்லெண்ணெய் பிபிக்கு நல்லதுன்னு சொல்றதுக்கு ஆதாரமே இல்லாம இல்ல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2006ல வெளியிட்ட ஒரு ஆய்வுல மாத்திரை சாப்பிடுற 50 பேர் மத்த எண்ணெயை விட்டு 45 நாள் நல்லெண்ணெய் மட்டும் சேர்த்தப்போ பிபி இறங்குச்சு, பழைய எண்ணெய்க்குத் திரும்பினதும் மறுபடி ஏறுச்சு. ஆனா 50 பேர்தான், 45 நாள்தான், அவங்க யாரும் மாத்திரையை நிறுத்தவும் இல்ல. நீங்களும் நிறுத்தாதீங்க. செக்கு எண்ணெய் வாங்குறேன், இனிமே மாத்திரை வேணாம்னு சொன்ன ஒருத்தரை எனக்குத் தெரியும், அவர் ஆஸ்பத்திரில படுத்ததையும் தெரியும். சுகர், பிபி, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுக்கிறவங்க சாப்பாட்டை மாத்தும்போது டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க, அளவு குறைக்கணும்னா அவர் குறைப்பார்.

ஆட்டின எண்ணெயை உடனே பாட்டில்ல அடைக்கக் கூடாது. எவர்சில்வர் தூக்குல மெல்லிசுத் துணி கட்டி ரெண்டு நாள் வெயில்ல வச்சா மண்டி அடியில இறங்கிடும், மேல தெளிஞ்சதை அசைக்காம வேற பாத்திரத்துக்கு மாத்திக்கணும். ஒரே தடவையா ஆறு மாசத்துக்கு ஆட்டி வைக்காதீங்க, சிக்கு வாடை அடிச்சுடும், ரெண்டு மாசத்துக்கு மேல நாங்க வைக்கிறதில்ல.

இந்தத் தடவை மாமாவுக்கு டெஸ்ட் எடுத்தப்போ மூணு மாச சராசரி சுகர் 8.1ல இருந்து 7.2க்கு வந்திருக்கு, சாயங்காலம் நடக்கவும் ஆரம்பிச்சிருக்காங்க, அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். பிண்ணாக்குச் சாக்கைப் பக்கத்துத் தெருவுல பால் கறக்கிற அக்காவுக்குக் கொடுத்துட்டேன். அவங்க மாட்டுக்கு ஊறவச்சுக் கொடுக்கிறாங்க, அந்தப் பால்லதான் எங்களுக்கு ஏடு கட்டுது. அடுத்த தடவை ஆட்டுறதுக்கு எள்ளு சொல்லி வச்சாச்சு, பங்குனிக்குள்ள காயவச்சிரணும், கருப்பட்டியும் மறக்காம வாங்கணும்.